தசை வலிக்குக் குளிர்நீர்க் குளியல்: பெங்களூருவில் தொடங்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கப்பன் பூங்காவிலும் அல்சூர் ஏரிக்கரையிலும் விடியற்காலையில் ஓடும் தமிழர்கள் இன்று ஏராளம். வார இறுதியில் நந்தி மலைக்கு மிதிவண்டியில் ஏறுகிறவர்களும் உண்டு. விளையாட்டு வீரர்கள் ஐஸ் நிரம்பிய தொட்டியில் அமர்ந்திருக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நாமும் அப்படிச் செய்யலாமா என்று இவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை தந்திருக்கிறேன். இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மற்றவற்றைப் படிக்கும் முன் ‘யாரெல்லாம் இதைத் தவிர்க்க வேண்டும்?’ என்ற கேள்வியைப் படித்துவிட வேண்டும்.

குளிர்நீரில் குளித்தால் தசை வலி உண்மையிலேயே குறையுமா?

குறையும், ஆனால் அடியோடு மறைந்துவிடாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு, 366 பேர் பங்கேற்ற 17 சிறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சிக்குப் பின் சும்மா ஓய்வெடுத்தவர்களைவிடக் குளிர்நீரில் அமர்ந்தவர்களுக்கு முதல் நாளிலிருந்து நான்காம் நாள் வரை வலி குறைவாக இருந்தது என்பது அதன் முடிவு. அந்த ஆய்வுகளில் நீரின் வெப்பநிலையும் அமர்ந்திருந்த நேரமும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன என்பதையும், ஓய்வுக்குப் பதிலாக மெதுவாக நடந்தோ மிதிவண்டி மிதித்தோ உடலைத் தளர்த்தியவர்களோடு ஒப்பிடும்போது குளிர்நீரின் மேன்மை அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அந்த வலி லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருவது என்கிறார்களே?

இல்லை. கடும் பயிற்சியின்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். நாம் பேசும் வலியோ மறுநாள் காலையில்தான் தலைகாட்டும். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, பிறகு தானாகவே தணியும். தசை சுருங்க முயலும்போதே நீட்டப்படுகிற அசைவுகள்தான் இதற்கு முதன்மைக் காரணம். நந்தி மலையிலிருந்து கால்நடையாக இறங்குவதும், மேம்பாலத்தின் சரிவில் ஓடி இறங்குவதும், எடையைத் தூக்கியபின் மெல்ல இறக்குவதும் அத்தகையவை. அவை தசை நார்களில் நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குகின்றன. அவற்றைச் சீர்செய்ய உடல் தொடங்கும் அழற்சியோடு சேர்ந்துதான் மறுநாள் படி இறங்கும்போது தொடை கெஞ்சுகிறது. ஏறும்போது அவ்வளவாகத் தெரியாத வலி இறங்கும்போது தெரிவதும் இதனால்தான்.

குளிர்நீர் உடலுக்குள் என்ன செய்கிறது?

மூன்று வேலைகளைச் செய்கிறது. தோலுக்கும் தசைக்கும் செல்லும் இரத்த நாளங்களைச் சுருக்கி, அங்கு இரத்த ஓட்டத்தையும் வெப்பத்தையும் குறைக்கிறது. நரம்புகளில் வலிச் செய்தி ஓடும் வேகத்தைத் தணிக்கிறது. குளிர்ந்த கால் மரத்துப்போவது இதன் விளைவே. மூன்றாவது வேலை குளிர்ச்சியைச் சேர்ந்ததன்று: நீரில் அமிழ்ந்த உடலை நீர் எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும் என்பதால், கால்களில் தேங்கிய நீர்மம் மேலே தள்ளப்பட்டு வீக்கம் குறைகிறது.

வெப்பத்தைக் கடத்துவதில் நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வல்லது. 15 டிகிரி செல்சியஸ் காற்றில் மெல்லிய சட்டையோடு ஓடிவிடுகிறவர், அதே 15 டிகிரி நீரில் சில நிமிடங்களில் நடுங்கத் தொடங்குவது இதனால்தான்.

ஷவரில் குளித்தாலே போதுமா, தொட்டியில்தான் அமர வேண்டுமா?

இரண்டும் ஒன்றல்ல. ஷவர் நீர் தோலைத் தொட்டு வழிந்துவிடுகிறது. முதுகில் படும்போது காலில் படுவதில்லை. மேலே சொன்ன நீரழுத்தமும் அதில் கிடையாது. தசையின் ஆழம் வரை குளிர்ச்சி இறங்க வேண்டுமானால் தொட்டியே சிறந்தது, ஆய்வுகளில் பெரும்பாலானவையும் தொட்டியை வைத்தே நடந்தவை.

ஆனாலும் ஷவரில்தான் தொடங்க வேண்டும் என்பேன். குளிர்ச்சிக்கு உடலும் மூச்சும் பழக வேண்டும்; அந்தப் பழக்கத்தைச் செலவின்றி, விரும்பிய நொடியில் விலகிக்கொள்ளும் வசதியோடு தருவது குளியலறைக் குழாய்தான். ஷவர் இல்லாத வீட்டில் ஒரு பக்கெட் பச்சைத் தண்ணீரை மொண்டு தொடையிலும் கெண்டைக்காலிலும் நிதானமாக ஊற்றிக்கொள்வது அதே பயனைத் தரும்.

பெங்களூரு குழாய்த் தண்ணீர் போதுமான அளவு குளிர்ந்திருக்குமா?

பருவத்தையும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பொறுத்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரில், டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் காற்று 15 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. இரவு முழுவதும் குளிர்ந்த மொட்டை மாடித் தொட்டியின் நீர் அந்த மாதங்களின் விடியற்காலையில், சென்னையிலிருந்து வந்தவரைத் திடுக்கிட வைக்கும் அளவுக்குச் சில்லென்றிருக்கும். ஏப்ரல் மாத மதியத்தில் அதே தொட்டியின் நீர் வெதுவெதுப்பாகிவிடும். கோடையில் குளிர்ச்சி வேண்டுவோர், வெயில் படாத தரைக்கடித் தொட்டியான சம்ப்பிலிருந்து நேரே நீர் எடுக்க முடிந்தால் நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீர் பருவத்துக்கேற்ப அதிகம் மாறாது; அதில் பெரிய குளிர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆய்வுகளில் வலியைக் குறைத்த நீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி வரை இருந்தது. நம் குழாய் நீர் குளிர்காலத்திலும் அந்த வரம்புக்குள் வருவது அரிது. அதனால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது; களைத்த உடலின் வெப்பம் தணியும், புத்துணர்ச்சி கிடைக்கும். காணொளியில் வீரர்கள் பெறும் அதே பலன் 22 டிகிரி நீரில் கிடைக்கும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. ஒரு வெப்பமானியை வாங்கி நீரில் அமிழ்த்திப் பார்ப்பது சிறு செலவுதான். கையால் தொட்டுச் சொல்லும் கணிப்பை நம்ப முடியாது.

தொட்டிக்கு எவ்வளவு ஐஸ் தேவைப்படும்?

இதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். 100 லிட்டர் நீரை 24 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறக்க 900 கிலோகலோரி வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரியையும், உருகிய நீர் 15 டிகிரிக்கு ஏறும்போது மேலும் 15 கிலோகலோரியையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆக, கிலோவுக்கு 95; தேவைப்படுவது ஒன்பதரைக் கிலோ. காற்றிலிருந்தும் தொட்டியின் சுவரிலிருந்தும் ஏறும் வெப்பத்தைச் சேர்த்தால் 10 முதல் 12 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டியின் தட்டுகளில் உறையும் சில கட்டிகளைப் போட்டுவிட்டு ஐஸ் குளியல் எடுத்ததாக எண்ணுவதில் பொருளில்லை என்பது இந்தக் கணக்கிலிருந்து விளங்கும். மாறாக, தண்ணீர் நிரப்பிய பெரிய பாட்டில்களை முதல் நாளே உறையவைத்து அப்படியே தொட்டியில் இட்டால், கடையில் ஐஸ் வாங்கும் தேவையும் குறையும், அவற்றை மீண்டும் மீண்டும் பயன்படுத்தவும் முடியும். கடை ஐஸ் குடிநீரில் செய்ததாக இல்லாமல் இருக்கக்கூடும். சிராய்ப்போ புண்ணோ உள்ள காலை அதில் அமிழ்த்த வேண்டாம்.

பாத்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் பிடித்துவைக்கும் 200 லிட்டர் நீல டிரம் எல்லா வீட்டிலும் இருப்பதால் பலரும் அதற்குள் இறங்கப் பார்க்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மரத்துப்போன காலோடு இடுப்புயர விளிம்பைத் தாண்டி ஈரத்தரையில் இறங்குவது, விழுந்து எலும்பை முறித்துக்கொள்ள நேரான வழி. காலை நீட்டி உட்காரக்கூடிய அகலமான, தாழ்ந்த தொட்டியே பாதுகாப்பானது.

முதல் வாரத்தில் எப்படித் தொடங்குவது?

வழக்கமான வெதுவெதுப்பான நீரில் குளித்து முடித்தபின், கீசரை அணைத்து, கடைசி 15 அல்லது 20 நொடிகள் மட்டும் குளிர்ந்த நீரைப் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் கொண்டுவாருங்கள்: பாதம், கெண்டைக்கால், தொடை, பிறகு கைகள். மார்பையும் முதுகையும் அடுத்தடுத்த நாள்களுக்கு வைத்துக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டாம். சில நாள்களுக்கு ஒருமுறை 10 அல்லது 15 நொடிகளைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு மாதத்துக்குள் இரண்டு மூன்று நிமிடங்கள் நிதானமாக நிற்கும் பழக்கம் வந்துவிடும். அதற்குப் பிறகே தொட்டியைப் பற்றி யோசிக்கலாம். அதிலும் முதல் சில முறை 18 அல்லது 20 டிகிரி நீரில், இடுப்பளவுக்கு, மூன்று நிமிடங்கள் போதும்.

இந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. உடல் குளிருக்குப் பழகுவது மன உறுதியைப் பொறுத்தது மட்டுமன்று. அது உண்மையான உடலியல் மாற்றம். குளிர்நீரில் சில நிமிடங்கள் அமிழும் அனுபவம் ஐந்தாறு முறை வாய்த்தாலே, முதல் அதிர்ச்சியின் வேகம் கணிசமாகக் குறைந்துவிடுகிறது.

தண்ணீர் பட்டவுடன் மூச்சு அடைப்பதுபோல் இருக்கிறதே, ஆபத்தா?

தோலின் வெப்பம் திடீரென்று இறங்கும்போது உடல் காட்டும் அனிச்சை எதிர்வினை அது. மூச்சை ஒரே இழுப்பாக இழுப்பீர்கள், பிறகு வேகமாக இரைப்பீர்கள், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். முதல் 30 நொடிகளில் உச்சத்தை எட்டும் இந்த நிலை, இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கும். நல்ல உடல்நலம் உள்ளவர், முகம் நீருக்கு வெளியே இருக்கும்போது, மூச்சை அடக்காமல் மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருந்தால் இது தானே கடந்துபோகும்.

ஆபத்தாவது எப்போது என்றால், முகமும் சேர்ந்து அமிழும்போதுதான். முகத்தில் குளிர்ந்த நீர் படுவது இதயத் துடிப்பைத் தாழ்த்தும். உடலில் குளிர் படுவது அதை ஏற்றும். இரண்டு ஆணைகளும் ஒரே நேரத்தில் இதயத்துக்குப் போனால் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். ஆகவே தொட்டியில் தலையை முக்க வேண்டாம். வேக வேகமாக மூச்சிழுத்துப் பிறகு அடக்கும் பயிற்சிகளை நீருக்குள் ஒருபோதும் செய்யக் கூடாது. நினைவு தப்பினால் ஒரு சாண் நீரிலும் உயிர் போய்விடும். அறை நண்பரோ வீட்டாரோ கூப்பிடும் தொலைவில் இருக்கட்டும், குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம்.

ஓடி முடித்து எவ்வளவு நேரத்தில், எத்தனை நிமிடம்?

ஓட்டம் முடிந்ததும் ஐந்து பத்து நிமிடங்கள் நடந்து, தண்ணீர் குடித்து, மூச்சு சீரானபின் இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. பழகியவருக்கு 10 முதல் 15 டிகிரி நீரில் 10 முதல் 15 நிமிடங்கள் போதுமான அளவு. 10 டிகிரிக்குக் கீழே போவதாலோ, அரை மணி நேரம் தாக்குப்பிடிப்பதாலோ கூடுதல் நன்மை இல்லை. தோலும் நரம்பும் பாதிக்கப்படும் வாய்ப்புதான் கூடும்.

ஜிம்மில் எடை தூக்கியபின் இதைச் செய்யலாமா?

தசை வளர வேண்டும், வலிமை கூட வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், பயிற்சி முடிந்தவுடன் ஐஸ் தொட்டியில் அமர வேண்டாம். கேட்கப்படும் கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்; ஏனென்றால் கோரமங்களாவிலும் இந்திரா நகரிலும் ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள், தசை வளர்வதற்காகவே மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, அந்த உழைப்பின் பலனைத் தாமே குளிர்நீரில் கரைத்துவிடக்கூடும்.

2015-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள 21 இளைஞர்கள் 12 வாரம் கால்களுக்கு வலிமைப் பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவினர் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் அமர்ந்தார்கள். மற்றவர்கள் அதே நேரம் மிதிவண்டியை மெதுவாக மிதித்தார்கள். முடிவில் தொடைத் தசையின் வளர்ச்சியிலும் வலிமையிலும் குளிர்நீர்ப் பிரிவினர் பின்தங்கியிருந்தனர். தசையைப் புதுப்பிக்கும் உயிரணுக்களின் செயலும், புரதம் உருவாகத் தூண்டும் சமிக்ஞைகளும் அவர்களிடம் மங்கியிருந்தன. 2020-இல் நெதர்லாந்தில் நடந்த இன்னோர் ஆய்வு, ஒரே மனிதரின் ஒரு காலை 8 டிகிரி நீரிலும் மறு காலை 30 டிகிரி நீரிலும் வைத்துப் பார்த்தது. குளிர்ந்த காலில், உணவிலிருந்து வந்த புரதம் தசையாக மாறும் அளவு குறைந்தது.

வலியோடு வரும் அழற்சி வெறும் தொல்லையன்று, தசை தன்னைத் திருத்திக்கொள்ளும் வேலையின் ஒரு பகுதி. அதை ஒவ்வொரு நாளும் தணித்துக்கொண்டே இருந்தால் அந்த வேலையும் தணியும். நீண்ட தூர ஓட்டத்துக்கும் மிதிவண்டிக்கும் வேண்டிய தாங்குதிறன் இவ்வாறு குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே, நாளைக்கே மீண்டும் களத்தில் இறங்க வேண்டியவருக்கும், அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் உள்ள வார இறுதிக் கிரிக்கெட், பூப்பந்துக்காரருக்கும் குளிர்நீர் துணை. தசை வளர்ப்பவர் அதை எடை தூக்காத நாளுக்குத் தள்ளிவைப்பது நலம். ஜிம்மிலிருந்து வந்து வேர்வை போக இரண்டு நிமிடம் பச்சைத் தண்ணீரில் குளிப்பதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அதனால் தசைக்குள் அந்த அளவு குளிர்ச்சி இறங்காது.

இதெல்லாம் மனத்தின் நம்பிக்கையால் வரும் பலன்தான் என்கிறார்களே?

ஓரளவு உண்மைதான். 2014-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வெதுவெதுப்பான நீரில் ஒரு திரவத்தைக் கலந்து, இது தசையை மீட்கும் எண்ணெய் என்று சொன்னார்கள். உண்மையில் அது தோல் கழுவும் சோப்புத் திரவம். கடும் பயிற்சிக்குப் பின் அவர்கள் மீண்ட அளவும், 10 டிகிரி நீரில் அமர்ந்தவர்கள் மீண்ட அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இதைக் கேட்டுக் குளிர்நீரைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளாத ஒருவர், எல்லோரும் செய்கிறார்களே என்று தம்மை வதைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இது போதிய சான்று. உறக்கமும் உணவும் மீட்சிக்குச் செய்வதில் பாதியைக்கூடக் குளிர்நீரால் செய்ய முடியாது என்பது என் கருத்து.

சளி பிடித்துக்கொள்ளும் என்று அம்மா தடுக்கிறார்.

சளியைக் கொண்டுவருவது வைரஸ். குளிர்ந்த நீர் அன்று. நெதர்லாந்தில் 3,018 பேரைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் தொடர்ந்து வெந்நீர்க் குளியலின் முடிவில் 30 முதல் 90 நொடிகள் குளிர்ந்த ஷவரில் நின்றவர்கள், உடல்நலக் குறைவால் வேலைக்கு விடுப்பு எடுத்தது 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் நோயுற்ற நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை. அம்மாவிடம் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். காய்ச்சலோ நெஞ்சுச்சளியோ இருக்கும்போது குளிர்நீர் வேண்டாம் என்று அவர் சொன்னால், அது சரியான பேச்சு.

யாரெல்லாம் இதைத் தவிர்க்க வேண்டும்?

இதய நோய், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், முன்பு பக்கவாதம் வந்த வரலாறு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட்டியை நெருங்கக் கூடாது. குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கும் ரேனோ நோய், குளிர் பட்டால் தடிப்பு எழும் ஒவ்வாமை, கட்டுப்படாத ஆஸ்துமா ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நீண்டகால நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி மங்கியவர்கள் குளிர் எந்த அளவுக்குப் போகிறது என்பதை உணர மாட்டார்கள். நம் சமூகத்தில் நாற்பதைத் தாண்டி ஓடத் தொடங்கும் பலருக்குச் சர்க்கரை இருப்பதால் இதைத் தனியே சொல்கிறேன். கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்க வேண்டும். மது அருந்தியபின் யாருமே கூடாது.

வெளியே வந்தபின்தான் நடுக்கம் கூடுகிறது. ஏன்?

குளிர்ந்த கை கால்களின் இரத்தம் மீண்டும் நடுவுடலுக்குத் திரும்புவதாலும், வெப்பம் உள்ளிருந்து தோலை நோக்கி நகர்வதாலும், வெளியேறிய பின்னும் சில நிமிடங்களுக்கு உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். உடனே துவட்டி, உலர்ந்த உடையும் காலுறையும் அணிந்து, சற்று நடந்து, சூடாக ஏதாவது குடியுங்கள். கொதிக்கும் வெந்நீரை உடனே ஊற்றிக்கொண்டால் நாளங்கள் சட்டென்று விரிந்து தலைசுற்றும். விரல்களுக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்பும் வரை இருசக்கர வண்டியை எடுக்க வேண்டாம். பிரேக்கை அழுத்தும் கை மரத்திருக்கும்போது அவுட்டர் ரிங் சாலை நெரிசலில் இறங்குவது தகாது.

இவ்வளவு தண்ணீரைச் செலவிடுவது சரியா?

2024-ஆம் ஆண்டு கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, கார் கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று நகரின் குடிநீர் வாரியம் அறிவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடியிருப்பில் 100 லிட்டரை ஒருவருடைய தொடை வலிக்காகக் கொட்டுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கு. இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டால் தொட்டி நீர் அழுக்காகாது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் அதைப் பயன்படுத்திவிடலாம். தட்டுப்பாடான மாதங்களில் முழங்கால் வரை முக்க ஒரு பெரிய பக்கெட்டே போதும். ஓடுபவருக்குப் பெரும்பாலும் வலிப்பது கெண்டைக்கால்தானே.

ஓட்டத்தின்போது வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால் குளிர்நீர் உதவுமா?

உயிரையே காக்கும். உடல் கொதித்து, பேச்சு குழறி, மனம் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல், தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்து வரை குளிர்ந்த நீரில் கிடத்த வேண்டும். தொட்டி இல்லையென்றால் ஐஸ் நீரில் நனைத்த துணிகளால் உடல் முழுவதையும் மாற்றி மாற்றிப் போர்த்த வேண்டும். மேலே சொன்ன படிப்படியான பழக்கம் எதுவும் இங்கே பொருந்தாது.

எந்த வலிக்குக் குளிர்நீரை நம்பி இருந்துவிடக் கூடாது?

ஒரே புள்ளியில் குத்தும் எலும்பு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் கூடிய கெண்டைக்கால் வலி, காலை ஊன்றவே முடியாத மூட்டு வலி ஆகியவை பயிற்சிக்குப் பிந்தைய சாதாரண வலி அல்ல. அளவுக்கு மீறிய பயிற்சிக்குப் பின் தசைகள் வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.